பாட்டியின் கதையும் திண்ணையின் கணக்கும்

உடுமலைப்பேட்டையிலிருந்து தெற்கே மலையடிவாரத்தை நோக்கிச் சென்றால் அமராவதி நகரை அடையலாம். 1950-களில் கட்டப்பட்ட அமராவதி அணையும், 1970-களில் தொடங்கப்பட்ட முதலைப் பண்ணையும் இவ்வூருக்குப் பெயர் தேடித் தந்தவை. விடுமுறை நாட்களில் இங்கு வரும் குழந்தைகள், வேலிக்கு அப்பால் அசையாமல் கிடக்கும் முதலைகளை வாய் திறந்து பார்ப்பார்கள். உடன் வந்த பெரியவர் யாரேனும், "ஓர் ஆற்றங்கரையிலே ஒரு நாவல் மரம் இருந்ததாம்" என்று தொடங்கிவிடுவார். குரங்கும் முதலையும் நட்புக் கொண்ட அந்தக் கதை உங்களுக்கும் தெரிந்ததுதான்.

இக்கதையை ஆறு வயதுச் சிறுமி ஒருத்திக்குச் சொன்னபோது நடுவில் ஒரு கணக்கைச் செருகினேன். குரங்கு அன்று 12 நாவற்பழங்களைப் பறித்தது. தனக்கு, முதலைக்கு, முதலையின் மனைவிக்கு என்று சமமாகப் பங்கிட்டால் ஒரு பங்குக்கு எத்தனை பழம்? சிறுமி 12 புளியங்கொட்டைகளை எடுத்து, ஒவ்வொன்றாக மூன்று இடங்களில் வைத்து, "நாலு" என்றாள். பிறகு சற்று யோசித்துவிட்டு, "முதலை அவ்வளவு பெரிசாச்சே, அதுக்கும் குரங்குக்கும் ஒரே மாதிரி கொடுத்தா போதுமா?" என்று கேட்டாள்.

வாசகர்களே, இந்தக் கேள்வியைச் சற்று எண்ணிப் பாருங்கள். அவள் முதலில் செய்தது வகுத்தல். அடுத்துக் கேட்டது விகிதத்தைப் பற்றிய கேள்வி. பாடப்புத்தகத்தில் இவ்விரண்டுக்கும் இடையே பல வகுப்புகள் உள்ளன. "12-ஐ 3-ஆல் வகு" என்று மட்டும் சொல்லியிருந்தால் அவள் நான்கு என்று விடை கூறி நிறுத்தியிருப்பாள். முதலையின் பருத்த உடலும் குரங்கின் சிறிய வயிறும் கண்முன் நின்றதால்தான் சமபங்கு நியாயமா என்ற ஐயம் அவளுக்கு எழுந்தது.

கதைக்கும் கணக்குக்கும் உள்ள இவ்வுறவு மிகப் பழமையானது. அது நம் நாட்டில் எவ்வாறு இருந்தது, எவ்வாறு அறுந்தது, மீண்டும் இணைக்க என்னென்ன முயற்சிகள் நடந்தன என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

முத்து விழுந்த கதை

குரங்கும் முதலையும் பஞ்சதந்திரத்தின் நான்காம் தந்திரத்தில் வரும் கதை. படிப்பில் நாட்டமில்லாத மூன்று அரசகுமாரர்களுக்கு ஆறே மாதத்தில் அறிவு புகட்டுவதாக விஷ்ணுசர்மா என்ற ஆசிரியர் வாக்களித்தார் என்றும், அதற்காகவே இக்கதைகளைச் சொன்னார் என்றும் நூலின் முகவுரை கூறுகிறது. அந்த ஆசிரியர் உண்மையில் வாழ்ந்தாரோ இல்லையோ, கதை சொல்லிப் பாடம் நடத்தலாம் என்ற எண்ணம் அன்றே இருந்தது என்பதற்கு இது சான்று. ஆறாம் நூற்றாண்டில் பாரசீகத்துக்கும், எட்டாம் நூற்றாண்டில் அரபு மொழிக்கும், பின்னர் ஐரோப்பாவுக்கும் இந்நூல் சென்றது.

கணித நூல்களிலும் கதை உண்டு. இரண்டாம் பாஸ்கரர் 1150-ஆம் ஆண்டு அளவில் எழுதிய லீலாவதி, கணக்குகளை ஒரு பெண்ணை விளித்துக் கேட்கிறது. தேனீக்களும் அன்னங்களும், பாம்பைப் பிடிக்கப் பாயும் மயிலும் அதில் வருகின்றன. அக்பரின் அவைப் புலவர் பைசி 1587-இல் இந்நூலைப் பாரசீகத்தில் பெயர்த்தபோது ஒரு கதையையும் சேர்த்து எழுதினார். லீலாவதி பாஸ்கரரின் மகள். அவளது திருமண முகூர்த்தத்தை அறிய, அடியில் துளையுள்ள நாழிகை வட்டிலை நீரில் மிதக்க விட்டிருந்தனர். அவள் குனிந்து பார்த்தபோது அணியிலிருந்த முத்து ஒன்று விழுந்து துளையை அடைத்துவிட்டது. வட்டிலுக்குள் நீர் ஏறவில்லை, முகூர்த்தம் தவறியது. மகளைத் தேற்றவே தந்தை இந்நூலுக்கு அவள் பெயரை இட்டார் என்பது கதை. இதற்கு வரலாற்றுச் சான்று கிடையாது. ஆயினும் நீர்க்கடிகாரம் இயங்கும் விதத்தை இதைவிட எளிதாக ஒரு சிறுவனுக்கு விளக்க முடியுமா?

ஐரோப்பாவிலும் இதே போக்கைக் காணலாம். எட்டாம் நூற்றாண்டில் சார்லமேன் மன்னரின் அவையில் விளங்கிய அல்குயின் என்ற அறிஞரின் பெயரால் ஒரு லத்தீன் கணக்குத் தொகுப்பு வழங்குகிறது. இளைஞரின் அறிவைக் கூர்மையாக்குவது அதன் நோக்கம். ஓநாய், ஆடு, முட்டைக்கோசு ஆகிய மூன்றையும், ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் ஏற்றக்கூடிய படகில் அக்கரை சேர்க்கும் புதிர் அதில் உள்ளது. நம் ஊரில் இது புலி, ஆடு, புல்லுக்கட்டு. ஏழு முறை ஆற்றைக் கடந்தால் வேலை முடியும். கூட்டலோ பெருக்கலோ இல்லாத இப்புதிரில், முறையாகச் சிந்திக்கும் பயிற்சி முழுவதும் அடங்கியிருக்கிறது.

திண்ணையும் முற்றமும்

இனி நம் ஊர்ப் பள்ளிக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகக் கிராமங்களில் இருந்தவை திண்ணைப் பள்ளிக்கூடங்கள். மாணவர்கள் மணலில் விரலால் எழுதிப் பழகினர். எண்சுவடியை மனப்பாடம் செய்தனர். முழு எண்களைக் கொண்ட மேல்வாயிலக்கம் மட்டுமன்றி, பின்னங்களைக் கொண்ட கீழ்வாயிலக்கமும் அதில் உண்டு. கால், அரைக்கால், மாகாணி என்று இறங்கும் பின்னங்கள் 320-இல் ஒரு பங்கான முந்திரி வரை செல்லும். அந்த முந்திரியிலும் 320-இல் ஒரு பங்கு கீழ்முந்திரி. அதாவது 1,02,400-இல் ஒரு பங்கு! இவற்றைப் பத்து வயதுப் பையன்கள் வாய்ப்பாடமாக ஒப்பித்தார்கள் என்றால் இன்று நமக்கு வியப்பாக இருக்கிறது.

ஆனால் அந்தத் திண்ணையைப் பொற்காலமாக எண்ணிவிட வேண்டாம். அங்கே பிரம்பும் கடும் தண்டனைகளும் இருந்தன. பொருள் விளங்குமுன் ஒப்பிக்க வேண்டியிருந்தது. யாவற்றுக்கும் மேலாக, பெண் குழந்தைகளுக்கு அங்கே பெரும்பாலும் இடமில்லை. தாழ்த்தப்பட்டோர் என்று ஒதுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்குக் கதவே திறக்கவில்லை.

திண்ணையைத் தாண்டி வீட்டின் உள்ளே போனால், முற்றத்தில் இன்னொரு பள்ளி நடந்துகொண்டிருந்தது. அதற்குப் பள்ளி என்று யாரும் பெயர் வைக்கவில்லை. அங்கே பாட்டி கதை சொன்னாள். பெண்கள் பல்லாங்குழி ஆடினர். புள்ளி வைத்துக் கோலமிட்டனர்.

பல்லாங்குழியில் ஆளுக்கு 7 குழி, ஆக 14 குழிகள். குழிக்கு 5 காய் என்றால் மொத்தம் 70. குழிக்கு 6 என்றால் 84. எந்தக் குழியிலிருந்து எடுத்தால் கை எங்கே முடியும் என்பதை ஆடுபவள் முன்கூட்டியே மனத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒரு குழியில் நான்கு காய் சேர்ந்தால் அது 'பசு'. அதற்குரியவள் உடனே எடுத்துக்கொள்வாள். இந்த நான்கில் ஒரு சுவையான செய்தி இருக்கிறது. 1871-இல் ஜெவன்ஸ் என்ற ஆங்கிலேய அறிஞர், அவரை விதைகளை ஒரு பெட்டியில் வீசி, எண்ணாமல் ஒரே பார்வையில் எத்தனை என்று சொல்லிப் பார்த்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை இவ்வாறு சோதித்தார். மூன்று, நான்கு வரை அவர் ஒருமுறையும் தவறவில்லை. ஐந்திலிருந்து பிழைகள் தொடங்கின. மனிதக் கண் எண்ணாமலே அறியும் எல்லை ஏறத்தாழ நான்கு என்று பின்னர் வந்த ஆய்வுகளும் கூறுகின்றன. பல்லாங்குழி ஆடும் பாட்டி 'பசு'வை எண்ணுவதில்லை, கண்டதும் எடுத்துவிடுகிறாள்!

பாட்டியின் கதைகளிலும் எண் ஒளிந்திருந்தது. ஈ தன் பெயரை மறந்த கதையை நினைவுபடுத்திக் கொள்ளுங்கள். ஈ முதலில் கன்றிடம் கேட்கிறது; பிறகு தாய்ப்பசுவிடம்; பிறகு மேய்ப்பவனிடம்; அவன் கைக்கோலிடம். புதிதாக ஒருவரைக் கேட்கும்போதெல்லாம் முன்னால் கேட்ட அனைவரையும் வரிசை மாறாமல் அடுக்கிச் சொல்ல வேண்டும். முதல் தடவை 1 பெயர், அடுத்து 2, பிறகு 3. ஏழு பேரிடம் கேட்டு முடிப்பதற்குள் எத்தனை பெயர்களைச் சொல்லியிருப்போம்? 1 முதல் 7 வரை கூட்டினால் 28. ஒவ்வொரு தடவைக்கும் ஒரு வரிசையாகப் புளியங்கொட்டைகளை வைத்தால் முக்கோணம் உருவாகும். கணிதர்கள் இவற்றை முக்கோண எண்கள் என்பர். கதை கேட்கும் குழந்தைக்கு இப்பெயர் தெரியாது. எனினும் அடுக்கு நீண்டுகொண்டே போவதை அது வாயாலும் மூச்சாலும் உணர்கிறது.

ஆக, திண்ணையில் எழுத்தும் குறியீடும் இருந்தன, கதை குறைவு. முற்றத்தில் கதையும் ஆட்டமும் இருந்தன, எழுத்து இல்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு சுவர். காரிநாயனாரின் கணக்கதிகாரம் போன்ற நூல்கள் அச்சுவரில் ஒரு சாளரமாக விளங்கின எனலாம். நிலம், பொன், நெல் என்று உழைப்போருக்கு வேண்டிய கணக்குகளோடு வேடிக்கைக் கணக்குகளும் அதில் உண்டு. பலாப்பழத்தை அறுக்காமலே சுளைகளை அறிய, காம்பைச் சுற்றியுள்ள சிறு முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்கச் சொல்கிறது அந்நூல். இது எவ்வளவு தூரம் பொருந்தும்? அடுத்த முறை வீட்டில் பலாப்பழம் அறுக்கும்போது நீங்களே எண்ணிச் சோதித்துப் பாருங்கள். சொன்னதை நம்பாமல் சோதிப்பதுதான் விஞ்ஞானத்தின் முதற்பாடம்.

மாகாணி மறைந்தது

ஆங்கிலேயர் காலத்தில் அச்சிட்ட பாடநூலும் தேர்வும் வந்தன; திண்ணைகள் படிப்படியாக மறைந்தன. இருந்தாலும் பழைய பின்னங்கள் சந்தையில் உயிரோடு இருந்தன. ஒரு ரூபாய்க்கு 16 அணா அல்லவா? எனவே 16-இல் ஒரு பங்கான மாகாணியை அறிந்தவன் அணாக் கணக்கை எளிதில் போட்டான். 1957 ஏப்ரல் முதல் நாள் நாடெங்கும் நயா பைசா புழக்கத்துக்கு வந்தது. அடுத்து மெட்ரிக் அளவைகள் வந்தன. இவை தேவையான மாற்றங்கள்தாம், கணக்கிடுவது எளிதாயிற்று. ஆனால் பாட்டிக்குத் தெரிந்த படியும் வீசையும் மாகாணியும் பேரனின் புத்தகத்தில் இல்லை. அவள் சொல்லும் கணக்கு பழங்கதையாகிவிட்டது. சுவர் இன்னும் உயர்ந்தது.

அடையாற்றுக்கு வந்த அம்மையார்

இதற்கிடையே உலகின் வேறு பகுதிகளில் குழந்தை விளையாட்டைக் கல்வியாகக் காணும் இயக்கம் எழுந்தது. 1837-இல் ஜெர்மனியில் பிரெடரிக் புரோபெல் சிறு குழந்தைகளுக்கான பள்ளியைத் தொடங்கினார். பந்து, கனசதுரம், உருளை ஆகியவற்றைக் கையில் கொடுத்து வடிவங்களைக் கற்பித்தார். 1840-இல் அதற்குக் 'கிண்டர்கார்டன்', அதாவது குழந்தைத் தோட்டம் என்று பெயரிட்டார். அதே 1837-இல் ராபர்ட் சதே என்ற ஆங்கிலக் கவிஞர் மூன்று கரடிகளின் கதையை அச்சிட்டார். பெரிய கரடிக்குப் பெரிய கிண்ணம், நடுத்தரக் கரடிக்கு நடுத்தரக் கிண்ணம், குட்டிக் கரடிக்குச் சிறிய கிண்ணம்! பொருள்களை அளவு வாரியாக வரிசைப்படுத்தி ஒன்றுக்கு ஒன்று பொருத்தும் கணிதம் அந்தக் கதையில் இருக்கிறது.

1939-இல் இத்தாலிய அம்மையார் மரியா மாண்டிசோரி சென்னை அடையாற்றுக்கு வந்தார். போர் மூண்டதால் 1946 வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. கொடைக்கானலிலும் சில ஆண்டுகள் இருந்தார். ஆசிரியர் பலருக்குப் பயிற்சி அளித்தார். நீளம் ஏறிச்செல்லும் எண்கோல்கள், மணிக்கோவைகள் முதலிய அவரது கருவிகளால் குழந்தை பத்தையும் நூறையும் கையில் தூக்கிப் பார்க்க முடிந்தது. ஆனால் மாண்டிசோரி அம்மையார் தேவதைக் கதைகளைச் சிறு குழந்தைகளுக்குச் சொல்வதை விரும்பவில்லை. உண்மை எது, கற்பனை எது என்று பிரித்தறியாத வயதில் கற்பனையைத் திணிக்கலாகாது என்பது அவர் கருத்து.

அவரது முறையைப் போற்றிய இந்தியர் ஒருவரே இதில் வேறு வழி சென்றார். குஜராத்தின் பாவ்நகரில் 1920-இல் பாலமந்திர் தொடங்கிய கிஜுபாய் பதேகா, கருவிகளை ஏற்றுக்கொண்டார். ஆனால் கதையைக் கைவிடவில்லை. 1932-இல் வெளிவந்த அவருடைய திவாஸ்வப்னா என்ற நூலில், முரட்டு வகுப்பு ஒன்றை ஏற்கும் ஆசிரியர் கதை சொல்லியே பிள்ளைகளை வசப்படுத்துகிறார். 'பகற்கனவு' என்பது அத்தலைப்பின் பொருள்.

யார் சொன்னது சரி? மாண்டிசோரியின் எச்சரிக்கையைத் தள்ளிவிட முடியாது. முதலை பேசும் என்று குழந்தை நம்பிவிட்டால் அமராவதிக் கரையில் அது ஆபத்தாகும்! எனினும் நம் சிறுமியின் கேள்வியைப் பாருங்கள். அவள் பேசும் முதலையை மறுக்கவில்லை, சமபங்கைத்தான் ஐயுற்றாள். எதை விளையாட்டாக ஏற்பது, எதைச் சோதிப்பது என்பதைக் குழந்தைகள் நாம் நினைப்பதைவிட நன்றாகவே அறிவார்கள்.

நம் காலத்து முயற்சிகள்

தமிழகத்தில் இத்துறையில் முன்னோடியாக நின்றவர் சென்னை முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப்பள்ளியின் கணித ஆசிரியர் பி. கே. சீனிவாசன். மாணவர்களைக் கொண்டே கணிதக் கண்காட்சிகள் நடத்தியவர். 1993-இல் சென்னையில் இராமானுஜன் அருங்காட்சியகத்தை அமைத்தவர். 1980-இல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கமும், 1987-இல் அது தொடங்கிய 'துளிர்' இதழும் புதிர்களையும் விளையாட்டுகளையும் சிறுவர்களிடம் கொண்டு சென்றன. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தது. பின்னர் மாநிலமெங்கும் பரவியது. 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம், முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகளில் வைத்து, கதைக்கும் பொம்மலாட்டத்துக்கும் வகுப்பறையில் இடம் கொடுத்தது.

இம்முறைகளால் பயன் உண்டா? ஆய்வுகள் சொல்வதைக் கவனமாகக் கேட்க வேண்டும். 2008-இல் அமெரிக்காவில் ஏழைக் குழந்தைகள் சிலருக்கு, 1 முதல் 10 வரை எண்ணிட்ட கட்டங்களில் காய் நகர்த்தும் ஆட்டத்தைக் கொடுத்தனர். நான்கு அமர்வுகளிலேயே அவர்களது எண்ணறிவு உயர்ந்தது. எண்ணுக்குப் பதில் வண்ணம் தீட்டிய கட்டங்களில் ஆடியவர்களிடம் அவ்வுயர்வு இல்லை. நம் பரமபதம் நினைவுக்கு வருகிறதல்லவா?

ஆனால் 2017-இல் வெளியான டில்லி ஆய்வு ஓர் எச்சரிக்கையைத் தந்தது. மழலையர் பள்ளிகளில் கணித விளையாட்டு ஆடிய குழந்தைகளிடம் அளவுகளையும் வடிவங்களையும் உய்த்துணரும் திறன் வளர்ந்து நிலைத்தது. ஆயினும் தொடக்கப்பள்ளியில் எழுத்துக் கணக்கு கற்பதில் அவர்கள் முந்தவில்லை. 2025-இல் வெளியான மற்றோர் ஆய்வில், கொல்கத்தா, டில்லிச் சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகள் விற்பனைக் கணக்கை மனத்தால் சரியாகப் போட்டனர். அதே வகைக் கணக்கைப் பள்ளி முறையில் தாளில் கொடுத்தபோது திணறினர். பள்ளிப் பிள்ளைகளோ தாளில் தேறினர். சந்தைக் கணக்கில் தடுமாறினர்.

திண்ணைக்கும் முற்றத்துக்கும் இடையே இருந்த பழைய சுவர் இன்னும் நிற்கிறது என்பதைத்தான் இவ்விரு ஆய்வுகளும் காட்டுகின்றன. கதை சொன்னால் மட்டும் கணக்கு வந்துவிடாது. கதையிலிருந்து புளியங்கொட்டைக்கும், கொட்டையிலிருந்து எழுதிய எண்ணுக்கும் யாராவது ஒருவர் குழந்தையின் கையைப் பிடித்து அழைத்துச் செல்ல வேண்டும்.

ஒன்றரை ஷிப்ட்

அந்த ஒருவர் யார்? திருப்பூர் வட்டாரத்தில் இக்கேள்வி கடினமானது. காலையில் கம்பெனி வண்டி வந்து பெற்றோரை ஏற்றிச் செல்கிறது. எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட்; பன்னிரண்டு மணி நேரம் என்றால் ஒன்றரை ஷிப்ட். இங்கே வளரும் குழந்தை பள்ளியில் பின்னம் கற்குமுன்பே ஒன்றரை என்பதை அறிந்துவிடுகிறது. அம்மாவுக்கு ஒன்றரை ஷிப்ட் என்றால் அன்றிரவு கதை இல்லை. பிற மாவட்டங்களிலிருந்தும், பீகார், ஒடிசா போன்ற மாநிலங்களிலிருந்தும் வந்த குடும்பங்களில் பாட்டி ஊரிலேயே தங்கிவிட்டாள்.

ஆகவே இன்று அங்கன்வாடிப் பணியாளரும் தொடக்கப்பள்ளி ஆசிரியரும் பாட்டியின் வேலையையும் சேர்த்துச் செய்ய வேண்டியிருக்கிறது. இதை நாம் அவர்கள் தலையிலேயே முழுதும் சுமத்திவிடக் கூடாது. கல்லூரியிலும் உயர்நிலைப்பள்ளியிலும் படிக்கும் நீங்கள், பக்கத்து வீட்டுக் குழந்தைகளுக்கு வாரம் ஒரு மணி நேரம் கொடுத்தால் போதும். தமிழ் அறியாத பிள்ளையும் புளியங்கொட்டையை எண்ணும். பல்லாங்குழிக்கு மொழி தடையில்லை.

ஒரு சோதனை

பௌதிக ஆசிரியன் என்ற முறையில் ஒரு கதையைப் பரிந்துரைக்கிறேன். தாகம் கொண்ட காக்கை கூழாங்கற்களைப் போட்டு நீரை மேலே கொண்டுவந்த கதை. 12 சென்டிமீட்டர் உயரமுள்ள நேரான கண்ணாடி டம்ளர் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் 3 சென்டிமீட்டரும் மற்றதில் 5 சென்டிமீட்டரும் நீர் ஊற்றுங்கள். இரண்டிலும் சிறு கூழாங்கற்களை விளிம்பு வரை நிரப்பச் சொல்லுங்கள். எத்தனை கல் போட்டால் நீர் எவ்வளவு ஏறுகிறது என்பதை ஒரு தாளில் குழந்தையே எழுதட்டும்.

இரண்டாவது டம்ளரில் நீர் விளிம்பை எட்டும் அல்லது நெருங்கும். முதலாவதில் பாதிக்குச் சற்று மேல் வந்து நின்றுவிடும். காக்கை ஏமாந்து போகும்! காரணம், கற்களுக்கு இடையே மொத்தக் கொள்ளளவில் சுமார் 40 விழுக்காடு வெற்றிடம் இருக்கிறது. அதை நிரப்பவே போதாத நீர் கற்களுக்கு மேலே எப்படி வரும்? 3-ஐ 0.4-ஆல் வகுத்தால் 7.5, 5-ஐ வகுத்தால் 12.5. உங்கள் அளவீடு இதற்கு எவ்வளவு அருகில் வருகிறது என்று பாருங்கள். 2009-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காக்கை இனப் பறவைகளுக்கு இதே சோதனையை வைத்தனர். அவை கற்களைப் போட்டு நீரை உயர்த்தி, மிதந்த புழுவைத் தின்றன.

கதையைச் சொல்லுங்கள், கல்லைக் கையில் கொடுங்கள், கண்டதை எழுதச் செய்யுங்கள். இம்மூன்றையும் இந்த வரிசையில் செய்ய ஒரு மாலைப்பொழுது போதும். முடிவில் குழந்தை உங்களிடம் ஒரு கேள்வி கேட்கும். அதற்கு விடை தெரியாவிட்டால் வெட்கப்பட வேண்டாம். அடுத்த சோதனையைச் சேர்ந்தே செய்து பாருங்கள்.